ஆனி டிஃப்ராங்கோ யார்கிட்டயும் எதுவும் வாங்காம வந்தவங்களா?

பிப்ரவரி 9, இரவு 10:52

"யாரோட பாதிப்பும் இல்லாம ரூம்ல தனியா உக்காந்து எழுதுறவங்கதான் உண்மையான இண்டி. ஆனி டிஃப்ராங்கோவையே எடுத்துக்குங்க, லேபிள் சொந்தம், பாட்டு சொந்தம், யார் வாசல்லயும் போய் நிக்கல. நம்ம பசங்கதான் அவர் மாதிரி இவர் மாதிரின்னு அலையுறாங்க" அப்படின்னு ஒருத்தர் போட்டிருக்கார்.

தெரியாதவங்களுக்கு: ஆனி அமெரிக்கப் பாடகி, பாட்டு எழுதி கிட்டாரோட பாடுறவங்க; இண்டின்னா பெரிய கம்பெனி இல்லாம சொந்தமா இசை போடுறவங்க. லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, சொந்தம், சரி. பாட்டும் சொந்தம். மூணாவதுதான் இடிக்குது. ஆனிக்கு 9 வயசுலயே மைக்கேல் மெல்ட்ரம்னு ஒரு ஆள் கிடைச்சாச்சு. ஆனியோட ஊரான பஃபலோக்காரர், ஃபோக் (நாட்டுப்புறப் பாணிப் பாட்டு) பாடகர், கிட்டார் சொல்லிக்குடுப்பார், கச்சேரியும் ஏற்பாடு பண்ணுவார். அவர்கூட பார்கள்லயும் தெருவுலயும் பீட்டில்ஸ் பாட்டு வாசிச்சுக்கிட்டு திரிஞ்ச பொண்ணு இது. மெல்ட்ரம் நியூயார்க் க்ரீனிச் வில்லேஜ்லேருந்து பாட்டு எழுதிப் பாடுறவங்களை பஃபலோவுக்குக் கூட்டிட்டு வருவார், அவங்களுக்கு ஓட்டல் போட காசு ஏது, அதனால பல பேர் ஆனி வீட்டுலதான் படுத்துத் தூங்கிட்டுப் போவாங்க. பின்னாடி பேர் வாங்கின பாடகி சுசான் வேகா அப்படி வந்து போனவங்கள்ல ஒருத்தர். அந்த வயசுல நம்மள்ல பாதிப் பேருக்கு பாட்டு எழுதுறவங்கன்னா கேசட் அட்டையில இருக்கிற பேருதான். ஆனிக்கு அது காலையில ஹால்ல பாய் சுருட்டுற ஆளு. கிட்டார் கோர்டைவிட அதுதான் பெரிய பாடம்னு எனக்குத் தோணுது. பாட்டு எழுதுறதுங்கிறது ஒரு வேலை, ஆளுங்க அதைச் செய்யுறாங்க, ஊர் ஊரா போறாங்க, அடுத்தவங்க வீட்டுல சாப்பிடுறாங்க. இதை 9 வயசுல பாத்துட்டா அப்புறம் எந்தக் கம்பெனிக்காரன் வந்து கைதூக்கி விடணும்னும் காத்திருக்கத் தோணாது.

அதாவது அந்த "யார் வாசல்லயும் நிக்கல"ங்கிற குணமே அடுத்தவங்ககிட்டேருந்து வந்ததுதான்.

பிப்ரவரி 9, இரவு 11:30

"அப்போ சுசான் வேகா காப்பியா?"ன்னு கேக்குறவருக்கு: 1990ல வந்த முதல் ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்க. ஒரு குரல், ஒரு கிட்டார், வேற ஒண்ணும் கிடையாது. சுசான் வேகா பாட்டுல ஒரு குளிர்ச்சி இருக்கும், ஜன்னலுக்கு உள்ள இருந்து தெருவைப் பாக்குற மாதிரி. ஆனி தெருவுல நின்னு ஜன்னலைத் தட்டுறவங்க. மெல்லிசா பாடுற இடத்துலகூட பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறது கேக்கும்.

பிப்ரவரி 11, இரவு 9:15

வலது கையைப் பத்தி எழுதாம இந்தப் பேச்சு முடியாது.

ஃபோக்னா எல்லாரும் நினைக்கிறது கம்பியை ஒவ்வொண்ணா விரலால மீட்டி டிங் டிங்னு ஓடுற ஃபிங்கர் பிக்கிங். ஆனி வாசிக்கிறது அந்த வகை இல்ல. கட்டைவிரல் தடிச்ச பேஸ் கம்பியை அடிக்குது, மத்த விரல்கள் கம்பியைப் புடிச்சு இழுத்து விடுது, அது திரும்ப வந்து கிட்டார் கழுத்துப் பலகையில (ஃப்ரெட்போர்டு) 'டப்'புன்னு அறையுது, நடுவுல உள்ளங்கையால சத்தத்தை அமுக்கி நிறுத்துறாங்க. கிட்டாரும் ட்ரம்ஸும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி. இந்தப் பாணி எங்கேருந்து வந்துச்சுன்னா, அவங்களே பல தடவை சொன்ன காரணம் ரொம்ப சாதாரணம்: பார்ல குடிச்சுட்டுப் பேசிக்கிட்டு இருக்கிறவனைத் திரும்பிப் பாக்க வைக்கணும். தனியா ஒரு சின்னப் பொண்ணு, ஒரு மரக் கிட்டார், எதிர்ல சத்தம். மெதுவா வாசிச்சா யார் காதுலயும் விழாது. திடீர்னு ஓங்கி அடிச்சு, அப்புறம் திடீர்னு ஒண்ணுமே வாசிக்காம நிறுத்தினா திரும்புவான். அந்த நிறுத்தம்தான் முக்கியம், அடி இல்ல.

இதுக்கு விரல் நகம் தாங்காது. அவங்க ஒட்டு நகம் ஒட்டி, அது மேல எலக்ட்ரீஷியன் ஒயர்ல சுத்துற இன்சுலேஷன் டேப்பை விரலோட சேர்த்துச் சுத்திக்கிறாங்க. பழைய போட்டோக்கள்ல பாருங்க, வலது கை விரல் நுனி எல்லாம் கறுப்பா இருக்கும். நான் இதைச் செஞ்சு பாத்தேன், ஃபேன்சி ஸ்டோர்ல ஒட்டு நகம் கேட்டப்போ கடைக்காரம்மா "வீட்டுல விசேஷமா தம்பி?"ன்னாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன், வேற என்ன சொல்றது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன், டேப் சுத்தினேன், வாசிச்சா சத்தம் நிஜமாவே வேற. ஆனா மறுநாள் ஆபீஸ்ல கீபோர்டுல என்ன தட்டினாலும் ரெண்டு எழுத்து விழுது, டீம் லீட் வந்து விரலைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காமலே போயிட்டார்.

ஆனா ஒண்ணு கத்துக்கிட்டேன். நான் எழுதி வெச்சிருந்த ஒரு தமிழ்ப் பாட்டை அந்தக் கையோட பாடிப் பாத்தேன், வரி உக்காரவே இல்ல. என் வரிகள் எல்லாம் நீளம், இழுவை, கோர்டு ஓடிக்கிட்டே இருந்தா மட்டும்தான் அது மேல மிதக்கும். கை விட்டு விட்டு அடிக்கும்போது வார்த்தையும் அந்த இடுக்குல புகுந்து வெளிய வரணும். ரெண்டு அசை, மூணு அசை, நிறுத்து. ஆனி வரிகள் ஏன் அப்படி உடைஞ்சு உடைஞ்சு, ஒரு அடி நடுவுல ஆரம்பிச்சு இன்னொரு அடி நடுவுல முடியுதுன்னு அப்போதான் புரிஞ்சுது. பேனா எழுதினதை அந்த வலது கை எடிட் பண்ணிருக்கு.

சின்ன வயசுல கிட்டாரை ஓரமா வெச்சுட்டு டான்ஸ் பக்கம் போன காலமும் அவங்களுக்கு உண்டு. அந்த உடம்பும் இதுல இருக்குன்னு நினைக்கிறேன், நிரூபிக்கச் சொல்லாதீங்க.

பிப்ரவரி 12, மதியம் 1:40

"டெக்னிக் சரி, வார்த்தை எங்கேருந்து?" நல்ல கேள்வி. இங்க ஒரு வாத்தியார் வரார்.

பஃபலோவை விட்டு நியூயார்க் போனதும் நியூ ஸ்கூல்ல படிக்கச் சேர்ந்தாங்க. அங்க கவிதை வகுப்பு எடுத்தவர் செக்கு சுந்தியாட்டா. ஹார்லெம்ல பிறந்த கறுப்பினக் கவிஞர், கவிதையைப் பேப்பர்ல படிக்கிறதோட விடாம வாய்விட்டு, பேண்டோட சேர்ந்து சொல்றவர். கவிதைன்னா சத்தம், மூச்சு, எங்க நிறுத்துறதுங்கிற கணக்குன்னு வாழ்ந்தவர். ஆனி ஆல்பங்கள்ல நடுநடுவுல மெட்டே இல்லாம சும்மா பேசுற துண்டுகள் வருமே, செப்டம்பர் 11க்கு அப்புறம் எழுதின நீளக் கவிதையை மேடை மேடையா சொன்னாங்களே, அது எல்லாத்துக்கும் பின்னாடி இவர் நிழல் இருக்கு. அப்புறம் நடந்தது இன்னும் அழகு: 2000ல சுந்தியாட்டாவோட ஆல்பத்தை வெளியிட்டது யாருன்னு நினைக்கிறீங்க? மாணவியோட கம்பெனி, ரைட்டியஸ் பேப். வாத்தியாருக்குப் பொன்னாடை போத்துற மாணவர்களை நிறைய பாத்திருக்கேன், ரெக்கார்டு போட்டுக் குடுத்தவங்க கம்மி.

2007ல அவர் இறந்துட்டார்.

பிப்ரவரி 12, மாலை 6:05

யாரோ "கிராமி வாங்கின இசை, சும்மாவா"ன்னு எழுதியிருக்காங்க. அந்த கிராமி 2004ல 'இவால்வ்' ஆல்பத்தோட அட்டை வடிவமைப்புக்குக் குடுத்தது. பாட்டுக்கு இல்ல, கவருக்கு. இசைக்குப் பல தடவை பரிந்துரை ஆனதோட சரி. சீரியஸா சொல்றேன், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல்.

பிப்ரவரி 12, இரவு 11:48

இப்போ பேச்சு காசு பக்கம் போகுது, போகட்டும். 4.25 டாலர் கதை தெரியுமா? 90கள் நடுவுல அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் ஆனியைப் பத்தி எழுத ஆரம்பிச்சப்போ பாட்டைப் பத்தி எழுதல, ஒரு ஆல்பத்துக்கு அவங்க கைக்கு 4.25 டாலர் வருது, பெரிய கம்பெனி ஸ்டார்களுக்கு அதுல ஒரு பங்குதான் வருதுன்னு கணக்கு எழுதினாங்க. மிஸ் பத்திரிகை, அதுவும் பெண்ணியப் பத்திரிகை, அதையே பெரிசா எடுத்துப் போட்டதும் 1997ல அவங்க ஒரு திறந்த கடிதம் எழுதினாங்க. சாரம் என்னன்னா, நான் நாளைக்குச் செத்தா என் கல்லறையில சிஇஓன்னு போட்டுறாதீங்க, பாட்டு எழுதினவள், கதை சொன்னவள்னு போடுங்கன்னு.

இங்க நாமளும் அதையேதான் செய்யுறோம். "சொந்த லேபிள், சொந்த லேபிள்". முதல் நோட்டுலேருந்து நானும் அந்த வார்த்தையை எத்தனை இடத்துல போட்டிருக்கேன் பாருங்க.

பிப்ரவரி 15, காலை 7:20

தூக்கம் வரல, யூட்டா ஃபிலிப்ஸ் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்கு: கொரியப் போருக்குப் போயிட்டு வந்து, சரக்கு ரயில் ஏறித் திரிஞ்சு, ஐ.டபிள்யூ.டபிள்யூ தொழிற்சங்கத்துல சேர்ந்து, வாழ்நாள் முழுக்க தொழிலாளர் பாட்டும் கதையும் சொல்லித் திரிஞ்ச தாடிக்காரத் தாத்தா. 2008ல போயிட்டார். இவர் கச்சேரியில பாட்டைவிட நடுவுல சொல்ற கதைதான் நீளம். ஆனி என்ன பண்ணாங்கன்னா, அவரோட பழைய கச்சேரி டேப்புகளை வாங்கி, பாட்டை எல்லாம் விட்டுட்டு கதையை மட்டும் வெட்டி எடுத்து, அதுக்கு அடியில திரும்பத் திரும்ப ஓடுற ட்ரம் லூப்பும் பேஸும் கிட்டாரும் போட்டாங்க. 1996ல வந்துச்சு, 'தி பாஸ்ட் டிடின்ட் கோ எனிவேர்'. பாட்டுக்காரரோட ஆல்பத்துல பாட்டே இல்லாம. முதல் தடவை கேட்டப்போ இது ஏதோ ரேடியோ நாடகமோன்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல தாத்தாவோட பேச்சுலயே ஒரு தாளம் இருக்கிறதும், எங்க இழுக்கிறார் எங்க வெட்டுறார்ங்கிறதும் அந்த பீட் இருக்கிறதாலதான் தெரியுது. அடுத்து 1999ல ரெண்டு பேரும் ஒரே ரூம்ல பேண்டோட உக்காந்து 'ஃபெலோ வொர்க்கர்ஸ்' பண்ணாங்க, அது எனக்கு இவ்வளவு ஒட்டல, தாத்தா கொஞ்சம் மேடைக்காரரா ஆயிடறார்.

பாதிப்புன்னா மெட்டு மாதிரி இருக்கிறது, குரல் மாதிரி இருக்கிறதுன்னு தேடிக்கிட்டு இருக்கோம். இவங்க ரெண்டு பேருக்கும் சத்தத்துல ஒரு ஒத்துமையும் கிடையாது. ஆனா அவர்கிட்டேருந்து ஆனி எடுத்தது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல என்ன செய்யணுங்கிறது. 1997ல வந்த 'லிவிங் இன் கிளிப்' லைவ் ஆல்பத்துல பாட்டுக்கு நடுவுல பேசி சிரிச்சு உளறுறதை எல்லாம் வெட்டாம வெச்சிருக்காங்க.

பிப்ரவரி 15, காலை 8:02

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். 2012 ஆல்பத்துல தலைப்புப் பாட்டு 'விச் சைட் ஆர் யூ ஆன்'. இது அவங்க பாட்டு இல்ல. 1931ல கென்டக்கி ஹார்லன் மாவட்ட நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தப்போ ஃப்ளோரன்ஸ் ரீஸ்னு ஒரு தொழிலாளி மனைவி எழுதினது, அவங்களும் பழைய மெட்டு ஒண்ணுலதான் வார்த்தையை உக்கார வெச்சாங்க. ஆனி அதுல புது வரி எழுதிச் சேர்த்தாங்க, 90 வயசு தாண்டின பீட் சீகர் அதுக்கு பேஞ்சோ வாசிச்சார். மெட்டு ஒருத்தருது, வார்த்தை இன்னொருத்தருது, மேல ஒட்டுவேலை மூணாவது ஆளோடது. ஒரிஜினல் ஒரிஜினல்னு கத்துறவங்க இதை எந்தக் கணக்குல வைப்பீங்க? நம்ம பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டை எடுத்து வெள்ளைக்காரன் பேசுற மாதிரி பாட்டு எழுதினாரே, அவர் இண்டியா இல்லையா?

(சரி சரி, அவரை விடுங்க. பத்திரிகை நடத்திக் கைக்காசு போனவர், அவர்தான் முழு இண்டி.)

பிப்ரவரி 16

"இது ஃபோக்கே இல்ல, பங்க் (முரட்டு ராக்)"னு ஒருத்தர். ரெண்டும் தான். அடுத்து.

பிப்ரவரி 20, இரவு 12:10

முதல்ல போட்டவர் திரும்பி வந்திருக்கார். "எஜுகேட்டட் கெஸ்"ஐ தூக்கிட்டு வந்திருக்கார், நல்ல ஆயுதம். 2004 ஆல்பம். எழுதினது, எல்லாக் கருவியும் வாசிச்சது, பின்குரல் எல்லாம் பாடினது, பழைய 8 டிராக் ரீல் மெஷின்ல பதிவு பண்ணது, மிக்ஸ் பண்ணது, எல்லாம் ஒரே ஆள். "ரூம்ல தனியா" கட்சிக்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், ஆனா ஒரே மூச்சுல கேக்க முடியாது. எல்லா இடத்துலயும் ஆனியே இருக்காங்க, பின்குரல் ஒவ்வொண்ணும் அவங்க, பாடுறவங்களுக்கு பதில் சொல்றவங்களும் அவங்க, கொஞ்ச நேரத்துல வெளியிலேருந்து யாராவது கதவைத் தட்ட மாட்டாங்களான்னு இருக்கு. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா பித்தளைக் கருவிகள், கீபோர்டுன்னு பெரிய பேண்டோட சுத்திட்டு வந்தவங்க, அதுலேருந்து விடுபட இது தேவைப்பட்டிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அடுத்து என்ன நடந்துச்சு? மறு வருஷமே, 2005ல, 'நக்கிள் டவுன்'. அதுவரைக்கும் பெரும்பாலும் தானே தயாரிச்சவங்க, இதுல தயாரிப்புல பக்கத்துல உக்கார ஜோ ஹென்றியைக் கூப்பிட்டாங்க. தனிமையோட உச்சத்துக்குப் போனவங்க அடுத்த படியா எடுத்தது இன்னொரு காது. பாட்டுக்குள்ள காத்து வந்துச்சு. குரலுக்கும் கிட்டாருக்கும் நடுவுல இடம் இருக்கு.

அதே 2005ல மணிக்கட்டுல டெண்டனைட்டிஸ் (தசைநார் வீக்கம்) வந்து சுற்றுப்பயணத்தையே நிறுத்தினாங்க. 15 வருஷம் அந்த மாதிரி கம்பியை அறைஞ்சா கை என்ன ஆகும். பிப்ரவரி 11ல நான் வலது கையைப் புகழ்ந்து எழுதினதைப் படிச்சுட்டு யாராவது டேப் சுத்தப் போறீங்கன்னா இதையும் படிச்சுட்டு சுத்துங்க. அப்புறம் வந்த ஆல்பங்கள்ல அடி குறைஞ்சிருக்கு, பாட்டுல இழுவை கூடியிருக்கு. வயசு, குழந்தை, நியூ ஆர்லியன்ஸ் ஊர்க்காத்துன்னு ரசிகர்கள் காரணம் சொல்லுவாங்க. எனக்கு முதல் காரணம் கைன்னுதான் படுது.

என் கதை: நானும் வீட்டுலயே எல்லாத்தையும் பண்ற கட்சிதான் இருந்தேன். குக்கர் விசில் வந்தா டேக் போச்சு, மேல் வீட்டுல தண்ணி மோட்டார் போட்டா டேக் போச்சு, இதையெல்லாம் தாண்டி ஒரு பாட்டை முடிச்சு ஒரு நண்பனுக்கு அனுப்பினேன், அவன் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். "ரெண்டாவது சரணம் எதுக்கு?"ன்னு ஒரே வரி பதில். மாசக்கணக்கா அந்த சரணத்தோட குடும்பம் நடத்தியிருக்கேன் சார். ரெண்டு நாள் அவன்கூடப் பேசல. அப்புறம் தூக்கிட்டேன்.

பிப்ரவரி 21

ட்ரம்ஸ்னு சொன்னதும்: ஆண்டி ஸ்டொச்சான்ஸ்கியைப் பத்தி யாருமே பேசலியே. 90கள்ல பெரும்பாலும் மேடையில ரெண்டே பேர், ஆனியும் இவரும். ஏற்கனவே ட்ரம்ஸ் மாதிரி வாசிக்கிற கிட்டாரிஸ்ட் பக்கத்துல ட்ரம்மர் என்ன வாசிக்கணும்? இவர் கண்டுபிடிச்சது, கிட்டார் விடுற இடுக்குல மட்டும் வாசிக்கிறது. 'டைலேட்', 'லிட்டில் ப்ளாஸ்டிக் கேஸில்' ரெண்டையும் ஹெட்ஃபோன்ல கேளுங்க.

'லிட்டில் ப்ளாஸ்டிக் கேஸில்' கடைசியில ஒரு நீளப் பாட்டு இருக்கு, 'பல்ஸ்', அதுல ட்ரம்பெட் வாசிக்கிறது ஜான் ஹாசல். அவர் யார் சிஷ்யர் தெரியுமா? இந்துஸ்தானிப் பாடகர், கிரானா கரானா பண்டிட் பிரான்நாத். ட்ரம்பெட்ல மீண்ட், அதாவது ஒரு சுரத்துலேருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போறதை, வாசிக்கக் கத்துக்கிட்டவர். பஃபலோ பொண்ணு பாட்டுல இந்துஸ்தானி சறுக்கல் எப்படி வந்துச்சுன்னா இப்படி. தெரியாம ராகம் மாதிரி இருக்கேன்னு யோசிச்சவங்க இருந்தா, சும்மா தோணல.

அதுக்கு அடுத்த வருஷம், 1999ல, பாப் ஸ்டார் ப்ரின்ஸ். இவங்க அவர் பாட்டுக்கு கிட்டார் வாசிச்சாங்க, அவர் இவங்க பாட்டுல வந்து பாடினார். கம்பெனிக்காரங்ககூட சண்டை போட்டு கன்னத்துல அடிமைன்னு எழுதிக்கிட்டு நடந்தவரும், ஆரம்பத்துலேருந்தே கையெழுத்துப் போடாதவங்களும். அந்த ரூம்ல என்ன பேசினாங்களோ, கேக்கக் குடுத்து வெக்கல.

மார்ச் 2, இரவு 10:25

ஒரு வாரமா வரல, அதுக்குள்ள சண்டை. "கடைசி ஆல்பத்துல குரலை எல்லாம் மெஷின்ல போட்டு நசுக்கிட்டாங்க, 2024ல போய் பி.ஜே. பர்ட்டன்கிட்ட ஏன் குடுத்தாங்க, இது நம்ம ஆனி இல்ல." நம்ம ஆனின்னா எந்த ஆனி? 1990ல கிட்டாரோட மட்டும் வந்தப்போ கூட இருந்தவங்க, ட்ரம்ஸ் வந்ததும் போச்சுன்னாங்க. ட்ரம்ஸோட வந்தவங்க பித்தளை வந்ததும் போச்சுன்னாங்க. ஒவ்வொரு நாலு வருஷத்துக்கும் ஒரு கோஷ்டி அழுதுட்டு இறங்குது.

ஆனா அந்த ஆல்பத்தைப் பத்தி எனக்கும் முழு சம்மதம் இல்ல. தயாரிப்பாளர் பர்ட்டன் வேலை என்ன மாதிரின்னு பான் ஐவர், லோ பேண்டுகளைக் கேட்டவங்களுக்குத் தெரியும், சத்தத்தை உடைச்சுப் போட்டு அந்தத் துண்டுகளை வெச்சே கட்டுவார். சில பாட்டுல அது வார்த்தையை முழுங்கிடுது. ஆனி பாட்டுல வார்த்தை காதுல விழலேன்னா எனக்கு பாதி சாப்பாடு போச்சு. இருந்தாலும் 50 வயசு தாண்டினதுக்கு அப்புறம், 20க்கும் மேல ஆல்பம் போட்டதுக்கு அப்புறம், வெளித் தயாரிப்பாளர் ஒருத்தரைக் கூப்பிட்டு "நீ எடுத்துக்கோ"ன்னு குடுக்கிறதுக்குத் தைரியம் வேணும். அதே வருஷம் பிராட்வேயில 'ஹேட்ஸ்டவுன்'ங்கிற இசை நாடகத்துல பெர்செஃபனிங்கிற பாத்திரமா நடிச்சாங்க. அந்த நாடகமே முதல்ல 2010ல அனாயிஸ் மிட்செலோட ஆல்பமா இவங்க லேபிள்லதான் வந்துச்சு, அப்பவே பெர்செஃபனி குரல் இவங்களுதுதான். பஃபலோ ஹால்ல க்ரீனிச் வில்லேஜ்காரங்க படுத்துத் தூங்கினாங்கன்னு சொன்னேனே, இப்போ இவங்க அடுத்தவங்களுக்கு இடம் குடுக்குறாங்க. அதுக்கு நிஜமாவே ஒரு கட்டடமும் வெச்சிருக்காங்க, இடிக்க இருந்த பழைய சர்ச்சைக் காப்பாத்தி கச்சேரி அரங்கமா மாத்தினது, பேப்வில்.

மார்ச் 2, இரவு 10:58

எங்க ஆரம்பிக்கணும்னு மூணு பேர் கேட்டிருக்காங்க. ஸ்டுடியோ ஆல்பத்துல ஆரம்பிக்காதீங்க. பாட்டுகளை ரோட்டுல எழுதி, மேடையில பாடிப் பாத்து, அப்புறம் அவசரமா பதிவு பண்றவங்க அவங்க, 90கள்ல கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு ஆல்பம், 1999ல ரெண்டு. அதனால ரெக்கார்டுல இருக்கிறது அந்தந்த வாரத்துப் பாட்டு, பாட்டு அதுக்கு அப்புறமும் மாறிக்கிட்டே இருக்கும். 2007ல 'கேனன்'னு தொகுப்பு போட்டப்போ பழைய பாட்டுகள்ல அஞ்சை மறுபடி பாடிப் பதிவு பண்ணிச் சேர்த்தாங்க, அவங்களுக்கே பழசு திருப்தி இல்லேன்னுதானே அர்த்தம். 'லிவிங் இன் கிளிப்' முதல்ல. பிடிச்சா 'நாட் எ ப்ரெட்டி கேர்ள்', 1995. பிடிக்கலேன்னா தாத்தா கதை ஆல்பம். அதுவும் பிடிக்கலேன்னா என்னைத் திட்டாதீங்க, முதல்ல போட்ட ஆளைப் போய்த் திட்டுங்க, அவர்தான் ஆரம்பிச்சார்.

ட்யூனிங் கேட்டவருக்கு: பாட்டுக்கு ஒரு ட்யூனிங் மாத்துவாங்க, பல பாட்டுல தடிச்ச பேஸ் கம்பியோட சுருதியை இறக்கிடுவாங்க. மெல்லிசு செட் போட்டா இறக்கினதும் கம்பி தொளதொளன்னு ஆடும், மீடியம் செட் போடுங்க, கிட்டார் கழுத்து வளையுதான்னு பாத்துக்குங்க.